சூளை ஊரின் பிள்ளைகளுக்கு அறிவியல் ஏன் அந்நியமாக வேண்டும்?

நன்றாகக் காய்ந்த வெள்ளைக் களிமண் அகல் விளக்கு ஒன்றைத் தராசில் வைத்து எடை பார்க்கிறோம். அதைச் சூளையில் சுட்டு எடுத்து மறுபடியும் தராசில் வைக்கிறோம். எடை கூடியிருக்குமா, குறைந்திருக்குமா, மாறாமல் இருக்குமா? விருத்தாசலம் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் அறிவியல் ஆசிரியையாக இருந்த காலமெல்லாம் இந்தக் கேள்வியை ஏழாம் வகுப்பில் கேட்டு வந்தேன். "கூடும் டீச்சர்" என்பதுதான் அதிகம் வரும் பதில். காரணமும் சொல்வார்கள். "சுட்டா கெட்டியாயிடுது. கெட்டியானது கனமாத்தானே இருக்கும்?" அடுத்த கூட்டம், "மாறாது. அதான் ஏற்கெனவே காஞ்சிடுச்சே, இன்னும் என்ன தண்ணி இருக்கு போறதுக்கு?" என்று வாதாடும். குறையும் என்று சொல்பவர்கள் சிலர். அவர்களை விசாரித்தால் பெரும்பாலும் வீட்டில் யாராவது ஒருவர் செராமிக் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவராக இருப்பார்.

குறையும் என்பதே சரி. காய்ந்த களிமண்ணிலும் தண்ணீர் உண்டு. கைக்குப் படும் ஈரமாக இல்லாமல், கனிமத்தின் கட்டமைப்போடு பிணைந்து கிடக்கிறது. சூளையின் வெப்பம் சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டியபின் அது நீராவியாகப் பிரிந்து வெளியேறுகிறது. கலப்பில்லாத கயோலின் களிமண் என்றால் எடையில் ஏறத்தாழ 14 சதவீதம் இப்படிப் போய்விடும். சுட்ட விளக்கை எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது திரும்பக் களிமண் ஆகாது என்பதன் காரணம் இங்கேதான் தொடங்குகிறது.

இதே பிள்ளைகளிடம் பரீட்சையில், களிமண்ணைச் சுடுவது எவ்வகை மாற்றம் என்று கேட்டால் 'மீளா மாற்றம்' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்குவார்கள். 'நம்மைச் சுற்றி நிகழும் மாற்றங்கள்' பாடத்தில் படித்ததுதான். ஏன் மீளாது என்று கேட்டால் மட்டும் வகுப்பு அமைதியாகிவிடும். மதிப்பெண் ஏட்டில் ஏறியது ஒன்று, பிள்ளையின் மனத்தில் இருப்பது வேறொன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்க நம் பள்ளிகளில் எந்த ஏற்பாடும் இல்லை. பிள்ளைகள் அறிவியலை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள், அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை ஆண்டுதோறும் கேட்டறிந்து, அந்தப் பதிலிலிருந்து பாடத்தைத் தொடங்க வேண்டும் என்பதே என் வாதம். அதற்கு விருத்தாசலத்தைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

பாடத்துக்கு முன்பே இருக்கும் விளக்கங்கள்

பிள்ளைகளின் இந்தப் பதில்களை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது என்பதை உலகுக்கு உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரோசலிண்ட் டிரைவர். மாணவரையே ஒரு விஞ்ஞானியாகப் பார்க்கலாமா என்ற கேள்வியைத் தலைப்பாக வைத்து 1983இல் அவர் ஒரு நூல் எழுதினார். வெப்பம், ஒளி, கரைதல், எரிதல் ஆகியவற்றைப் பற்றிப் பிள்ளைகள் பாடம் படிக்கும் முன்பே தமக்கென விளக்கங்களை உருவாக்கிவைத்திருக்கிறார்கள் என்று அவரும் அவருடைய கூட்டாளிகளும் காட்டினார்கள். அந்த விளக்கங்கள் அன்றாட அனுபவத்திலிருந்து பிறந்தவை. அவற்றுக்குள் ஒரு தர்க்கம் இருக்கும். ஆகவே ஆசிரியர் சரியான விடையைச் சொன்னதும் அவை மறைந்துபோவதில்லை. தண்ணீரில் கரைந்த சர்க்கரையின் எடை காணாமல் போய்விடும் என்று பல நாட்டுப் பிள்ளைகள் நம்புகிறார்கள். கெட்டியானது கனமாகத்தான் இருக்கும் என்ற நம் பிள்ளைகளின் எண்ணமும் அந்த வகைதான்.

இது ஏழை நாட்டு அரசுப் பள்ளிகளின் குறை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1987இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில், பட்டதாரிகளும் பேராசிரியர்களுமாக 23 பேரிடம் பருவகாலங்கள் ஏன் மாறுகின்றன அல்லது நிலவின் பிறைகள் ஏன் மாறுகின்றன என்று கேட்டுப் படம்பிடித்தார்கள். 21 பேர் தவறாகவே சொன்னார்கள். பருவகாலங்களுக்கு, பூமி சூரியனுக்கு அருகில் போவதும் தூரம் போவதுமே காரணம் என்பதுதான் அதிகம் வந்த விளக்கம். பூமியின் அச்சு சாய்ந்திருப்பது அவர்கள் எல்லோரும் பள்ளியில் படித்த செய்திதான். அடுப்புக்குப் பக்கத்தில் போனால் சுடும் என்ற பிள்ளைப்பருவ அனுபவம் அந்தப் பாடத்தைவிட வலுவாக நிலைத்துவிட்டது.

தமிழ்நாட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. 15 வயது மாணவர்களுக்கான பீசா என்னும் உலக மதிப்பீட்டின் 2009 சுற்றையொட்டி தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் அந்தத் தேர்வை எழுதின. முடிவு 2011 டிசம்பரில் வந்தது. அறிவியலில் நம் மாநிலத்தின் சராசரி 348. பீசாவை நடத்தும் ஓஇசிடி அமைப்பின் நாடுகளின் சராசரி 501. பட்டியலின் அடிமட்டத்தில் இரண்டு மாநிலங்களும் நின்றன. கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. அடுத்தடுத்த சுற்றுகளிலிருந்து இந்தியா விலகிக்கொண்டது. அந்தக் காரணத்தில் உண்மை இருக்கலாம். அப்படியானால் நம் சூழலுக்குப் பொருந்தும் கேள்விகளை நாமே எழுதிக் கேட்டிருக்க வேண்டும். அதைத்தான் செய்யாமல் விட்டோம்.

பிடிக்கும், ஆனால் எனக்கானது இல்லை

புரிதல் ஒரு பக்கம், மனப்பாங்கு மறுபக்கம். நார்வேயின் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்வெய்ன் ஷோபெர்க், கமிலா ஷ்ரைனர் இருவரும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 40 நாடுகளில் 15 வயதை ஒட்டிய மாணவர்களிடம் ஒரு பெரிய ஆய்வை முன்னெடுத்தார்கள். ரோஸ் என்று அதற்குப் பெயர். பரீட்சை வைக்காமல், எதைக் கற்க உனக்கு ஆசை, பள்ளி அறிவியலைப் பற்றி என்ன நினைக்கிறாய், என்ன வேலைக்குப் போக விரும்புகிறாய் என்று கேட்டார்கள். கிடைத்த விடை பலரையும் திடுக்கிட வைத்தது. நாடு எவ்வளவு வளர்ச்சியடைந்ததோ அவ்வளவு குறைவாக இருந்தது அறிவியலில் பிள்ளைகளின் ஆர்வம். ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளின் பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கற்க ஆசைப்பட்டார்கள். ஆக, நம் பிள்ளைகளிடம் ஆர்வப் பஞ்சம் இல்லை. இருக்கும் ஆர்வத்தைப் பள்ளி என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

அதற்கு லண்டனில் லூயிஸ் ஆர்ச்சர் தலைமையில் 2009இல் தொடங்கிய ஆஸ்பையர்ஸ் ஆய்வு ஒரு விடை தருகிறது. 10 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைத் தொடர்ந்து கேட்டார்கள். பெரும்பாலோருக்கு அறிவியல் வகுப்பு பிடித்திருந்தது. விஞ்ஞானியாக வேண்டும் என்று விரும்பியவர்கள் சுமார் 15 சதவீதம்தான். 'பிடிக்கும், ஆனால் எனக்கானது இல்லை' என்ற இந்த மனநிலைக்கு மதிப்பெண் மட்டும் காரணமாக இல்லை. வீட்டில் அறிவியல் பேச்சு உண்டா, அறிவியல் தொடர்பான வேலையில் இருக்கும் யாரையாவது தெரியுமா, தன் குடும்பத்துக்குத் தெரிந்த விஷயங்களைப் பள்ளி மதிக்கிறதா என்பவை பெரிய அளவில் தீர்மானித்தன. இவற்றையெல்லாம் சேர்த்து 'அறிவியல் மூலதனம்' என்று ஆர்ச்சர் குழுவினர் அழைத்தார்கள்.

விஞ்ஞானியின் உருவம் பிள்ளைகளின் மனத்தில் எப்படிப் பதிந்திருக்கிறது என்பதற்கும் ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு விஞ்ஞானியின் படத்தை வரையச் சொல்வதுதான் அது. டேவிட் சேம்பர்ஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வில் 4,807 சிறுவர் சிறுமியர் வரைந்தார்கள். அவற்றில் பெண் விஞ்ஞானியின் படம் 28 மட்டுமே. அந்த 28ஐயும் வரைந்தவர்கள் சிறுமிகள். மும்பையில் 1974 முதல் இயங்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்திலும் சுக்ரா சுனாவாலா உள்ளிட்டோர் இந்திய மாணவர்கள் அறிவியலையும் விஞ்ஞானியையும் எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். நானும் வகுப்பில் வரையச் சொன்னதுண்டு. வெள்ளைக் கோட்டு, கண்ணாடி, கலைந்த தலை, புகை கக்கும் குடுவை. தொழிற்பேட்டையில் மோல்டு திருப்பும் பெண்ணையோ சூளைக்காரரையோ ஒரு பிள்ளையும் வரைந்து நான் பார்க்கவில்லை.

இது எனக்கு நெருக்கமான விஷயம். என் அம்மா பொம்மைக்கு வண்ணம் தீட்டும் வேலை பார்த்தவர். கொலு நெருங்கினால் இரவு வெகுநேரம்வரை பிரஷ் கையில் இருக்கும். எந்த வண்ணம் சூட்டுக்கு நிற்கும், எது வெளுத்துவிடும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார். ஆசிரியையானபின் ஒரு மாணவியின் தாயிடம், "உங்க வேலையில நிறைய சயின்ஸ் இருக்கும்மா, வகுப்புக்கு வந்து ஒருநாள் சொல்லுங்க" என்று அழைத்தேன். அவர் கூச்சத்தோடு, "டீச்சர், நாங்க செய்யறது கூலி வேலை. அதப் போயி சயின்ஸுன்றீங்களே" என்றார். பக்கத்தில் நின்ற மகள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆர்ச்சர் குழு இங்கிலாந்தில் கண்டதை அந்தத் தாயும் மகளும் எனக்குக் காட்டிவிட்டார்கள். வீட்டில் மூலதனம் இருந்தது. அதற்குப் பள்ளியில் மதிப்பு இல்லாததால் அது இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

தொழிற்பேட்டையில் கிடக்கும் பாடநூல்

அந்த மூலதனம் எவ்வளவு பெரியது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை அகற்றும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. பக்கத்து ஊரான விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வேரூன்ற அந்த மண்ணும் ஒரு காரணம். இங்கே அரசு பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரி பட்டயப் படிப்பு நடத்துகிறது. தொழிற்பேட்டையில் அகல் விளக்கு, கொலு பொம்மை, கிறிஸ்துமஸ் குடில் பொம்மை, மின்சாரப் பியூஸ் கேரியர் என்று பலவும் தயாராகின்றன. வேலை செய்பவர்களில் பெண்கள் ஏராளம்.

பொம்மை வார்க்க முதலில் களிமண்ணைக் கரைத்து ஸ்லிப் தயாரிக்கிறார்கள். கெட்டியாக, கிளறவே முடியாமல் இருக்கும் களிமண் சேற்றில் சோடியம் சிலிகேட் கரைசலைக் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கினால், தண்ணீர் சேர்க்காமலே அது மோர்போல ஓடத் தொடங்கும். தொழிலாளர்கள் "சிலிகேட் விட்டா எளகிடும்" என்பார்கள். களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த நிலை மாறி, மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கத் தொடங்குவதால் நடப்பது அது. பள்ளியில் நாம் நடத்தும் மின்னூட்டம், அயனி, கூழ்மம் ஆகிய மூன்று பாடங்களும் அந்த ஒரு வாளிக்குள் இருக்கின்றன. மணல் கடிகாரத்தையும் பலூனையும் வைத்துப் பாடம் நடத்திய எனக்கு, பிள்ளைகள் வாய்பிளந்து பார்த்த சோதனை என்றால் இதைத்தான் சொல்வேன்.

அந்த ஸ்லிப்பை பிளாஸ்டர் மோல்டில் ஊற்றுகிறார்கள். பாடநூலில் 'பாரிஸ் சாந்து' என்ற பெயரில், ஜிப்சத்தைச் சூடாக்கிக் கிடைக்கும் கால்சியம் சல்பேட் அரை ஹைட்ரேட் என்று வாய்பாட்டோடு வரும் பொருள்தான் இது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட உதவும் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டு தெரு தள்ளி அதே பொருளில் வார்த்த மோல்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளால் ஸ்லிப்பிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சி, சுவரோரம் களிமண்ணைப் படியவைத்து, உள்ளீடற்ற பொம்மையை உருவாக்குகிறது. ஈர மோல்டில் வார்த்தால் பொம்மை சரியாகப் பிடிக்காது, மோல்டை வெயிலில் காயவைக்க வேண்டும் என்பது அங்கே வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தெரியும். நுண்புழை விசைக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடநூலில் இருக்கிறது?

சூளைக்கு வருவோம். உள்ளே என்ன வெப்பம் என்று அறிய ஒரு சிறு கூம்பைச் சரக்கோடு வைக்கும் முறை பீங்கான் தொழிலில் உலகெங்கும் உண்டு. ஜெர்மனியின் ஹெர்மன் சேகர் 1886இல் உருவாக்கியது. குறிப்பிட்ட அளவு வெப்பத்தில் போதிய நேரம் இருந்ததும் கூம்பு இளகி வளையும். சூடு ஆறுமுன் அவசரப்பட்டுச் சூளையைத் திறந்தால் "காத்து பட்டா கீறிடும்" என்று சூளைக்காரர் தடுப்பார். களிமண்ணோடு சேர்த்த குவார்ட்ஸ் 573 டிகிரியில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்கிறது. அதனால் கன அளவும் சட்டென மாறுகிறது. ஆறும்போது அந்தக் கட்டத்தை நிதானமாகக் கடக்காவிட்டால் விரிசல் விழும். தொடக்கத்தில் சொன்ன எடைக் குறைவையும் கணக்கிடலாம். கயோலினின் வாய்பாட்டை எழுதி மூலக்கூறு நிறையைக் கூட்டினால் 258. அதில் தண்ணீர் 36. 36ஐ 258ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 14 சதவீதம். பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் அஞ்சி நடுங்கும் மோல் கணக்கு, சுட்ட விளக்கைத் தராசில் வைத்தால் கண்முன்னே சரிபார்க்கக் கூடிய கணக்காகிவிடுகிறது.

இந்த அறிவு உயிரையும் காக்கும். குவார்ட்ஸ் அரைக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் என்ற நோய் வரும். வந்தபின் குணமாக்க முடியாது. தரையைக் காய்ந்த விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும், தகுந்த முகக்கவசம் போட வேண்டும் என்று ஏழாம் வகுப்பு மகள் காரணத்தோடு அம்மாவிடம் சொன்னால், அந்த வீட்டில் அறிவியல் தன் முதல் கடமையைச் செய்துவிட்டது என்று பொருள்.

கையால் செய்தால் மட்டும் போதுமா?

சரி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தொழிற்பேட்டையைச் சுற்றிக் காட்டிவிட்டால் போதும் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. இங்கேயும் ஆய்வுகள் ஓர் எச்சரிக்கை தருகின்றன. இயான் ஆபிரகாம்ஸ், ராபின் மில்லர் இருவரும் இங்கிலாந்துப் பள்ளிகளில் 25 செய்முறை வகுப்புகளைக் கூர்ந்து கவனித்து 2008இல் எழுதினார்கள். கருவிகளைக் கையாண்டு ஆசிரியர் சொன்னதைச் செய்வதில் மாணவர்கள் தேறினார்கள். அந்தச் செய்கையின் பின்னால் உள்ள கருத்தைப் பற்றிச் சிந்தித்தது குறைவு. கை ஓடும்போது மனமும் தானாக ஓடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. செய்யும் முன் என்ன நடக்கும் என்று கேட்க வேண்டும். செய்தபின் நீ சொன்னது ஏன் நடக்கவில்லை என்று கேட்க வேண்டும். அந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில்தான் கற்றல் நிகழ்கிறது. தொழிலாளர்களின் அனுபவ அறிவுக்கும் இது பொருந்தும். அதில் சரியும் இருக்கும், தவறும் இருக்கும். மதிப்பது என்றால் சோதித்துப் பார்க்கத் தகுந்ததாக எடுத்துக்கொள்வது.

இன்னொரு ஆய்வு ஆசிரியர்கள் எல்லோரும் அறிய வேண்டியது. லூயி டெலோரியர் குழுவினர் ஹார்வர்டு இயற்பியல் வகுப்பில் செய்து 2019இல் வெளியிட்டார்கள். ஒரே பாடத்தை ஒரு பிரிவு கேட்டுக் கற்றது, இன்னொரு பிரிவு குழுவாகக் கணக்குகளைப் போட்டுப் பார்த்துக் கற்றது. தேர்வில் அதிகம் எடுத்தது இரண்டாவது பிரிவு. ஆனால் தாங்கள் அதிகம் கற்றதாக உணர்ந்தது முதல் பிரிவு. நல்ல பேச்சாளரின் விரிவுரை, புரிந்துவிட்டது என்ற நிறைவைத் தருகிறது. தானே முயன்று தடுமாறும் பிள்ளைக்கோ தான் பின்தங்குவதாகத் தோன்றுகிறது. ஆகவே இந்த முறையில் நடத்தும் ஆசிரியர், தடுமாற்றம் கற்றலின் பகுதி என்று முதல் வாரத்திலேயே பிள்ளைகளிடம் பேசியாக வேண்டும். பெற்றோரிடமும் பேச வேண்டும். "டீச்சர் பாடமே நடத்தல, எங்களையே கேட்டுக்கிட்டு இருக்காங்க" என்று வீட்டில் புகார் சொல்லும் பிள்ளை உண்மையில் நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கலாம். கல்லூரி அளவிலான 225 ஆய்வுகளைத் தொகுத்து ஸ்காட் ஃப்ரீமன் குழு 2014இல் காட்டியதும் பங்கேற்றுக் கற்பதே அதிகப் பலன் தரும் என்பதையே: விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோல்வி 34 சதவீதம், மாணவர் பங்கேற்ற வகுப்புகளில் 22 சதவீதம்.

நேரமில்லை என்ற பதில்

பாடத்தை முடிக்கவே நேரமில்லை, இதற்கெல்லாம் எங்கே போவது என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, பயிற்சி, கணக்கெடுப்பு என்று அவர்கள் சுமக்கும் பாரம் எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு எழுத்துத் தேர்வில் 75, செய்முறைக்கு 25 மதிப்பெண். அந்த 75இல் பெரும்பகுதி நினைவாற்றலைச் சோதிக்கும்போது, வகுப்பும் நினைவாற்றலுக்கே உழைக்கும். ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேள்வித்தாள் மாறினால் வகுப்பு மாறும்.

அரசுப் பள்ளிகளில் இது நடக்காத காரியம் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராமிய மையம் ஆகிய அமைப்புகள் ஒரு முயற்சியைத் தொடங்கின. பிள்ளைகள் தாமே சோதனை செய்து, பதிவுசெய்து, விவாதித்து முடிவுக்கு வந்தார்கள். 1978இல் அது மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. பின்னர் ஏகலவ்யா நிறுவனம் அதை வளர்த்தது. பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டே பரீட்சை எழுதினார்கள். புத்தகத்தைப் பார்த்து எழுதிவிட முடியாத கேள்விகள் அவை. 30 ஆண்டுகள் நடந்து, சுமார் ஆயிரம் பள்ளிகளை எட்டிய அந்தத் திட்டத்தை அரசு 2002இல் நிறுத்தியது. கிராமத்துப் பள்ளியிலும் சாதாரண ஆசிரியராலும் முடியும் என்பதற்கு அந்த 30 ஆண்டுகளே சாட்சி.

தமிழ்நாட்டிலும் அடித்தளம் இருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980 முதல் இயங்குகிறது. அதன் 'துளிர்' இதழை என் வகுப்பில் பிள்ளைகள் கைமாற்றிக் கிழியும்வரை படித்திருக்கிறார்கள். 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, உள்ளூர்ச் சிக்கலை ஆராயப் பிள்ளைகளைத் தூண்டுகிறது. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், ஆறு முதல் எட்டு வரை படிக்கும் அரசுப் பள்ளி மாணவர்களிடம் சோதனைப் பொருள்களைக் கொண்டுசேர்க்கிறது. இந்த மூன்றும் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரின் தொழிலைத் தொட்டுப் பேசினால் அவற்றின் பலன் பெருகும். விருத்தாசலத்தில் அது களிமண். சிவகாசியில் தீப்பெட்டி, கும்பகோணத்தில் வெண்கலம், காஞ்சிபுரத்தில் சாயம்.

செய்ய வேண்டியவை

நான் கேட்பவை நான்கு. முதலாவது, ஒவ்வொரு அறிவியல் பாடத்தையும் தொடங்குமுன் ஒரே ஒரு கேள்வி. விளக்கின் எடை கூடுமா குறையுமா என்பது போன்றது. மதிப்பெண் கிடையாது. பிள்ளை தன் பதிலையும் காரணத்தையும் துண்டுத்தாளில் எழுதித் தர வேண்டும். ஆசிரியர் அதைப் படித்துவிட்டுப் பாடத்துக்குப் போக வேண்டும். பாடம் முடிந்தபின் அதே தாளைத் திருப்பிக் கொடுத்து, இப்போது என்ன சொல்கிறாய் என்று கேட்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இரண்டாவது, ஜூனிலும் மார்ச்சிலும் பெயர் எழுதாத ஒரு பக்கக் கருத்துத்தாள். அறிவியல் வகுப்பில் உனக்குப் பயம் உண்டா? கேள்வி கேட்க முடிகிறதா? எதைக் கற்க ஆசை? அறிவியல் படிப்பு உனக்கு எட்டும் என்று நினைக்கிறாயா? இவற்றை வைத்துப் பள்ளிகளையோ ஆசிரியர்களையோ தரவரிசைப்படுத்தக் கூடாது. அப்படிச் செய்தால் அடுத்த ஆண்டே எல்லாத் தாளிலும் 'ஆம், பிடிக்கும்' என்று வந்துவிடும். வடலூரில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இந்தத் தாள்களை ஆராய்ந்து, எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில் பிள்ளைகள் விலகத் தொடங்குகிறார்கள் என்று சொன்னால், அது கடலூர் மாவட்டத்தின் சொந்த ஆய்வாக இருக்கும். பெண்பிள்ளைகளின் பதிலைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பது என் அழுத்தமான கோரிக்கை.

மூன்றாவது, அரசு பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியின் சோதனைக்கூடம் ஆண்டுக்குச் சில நாள்களாவது சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளுக்குத் திறக்க வேண்டும். கல்லூரி மாணவர்களே வழிகாட்டலாம். சூளைக்காரரையும் மோல்டுத் தொழிலாளியையும் பள்ளிக்கு அழைத்து, அன்றைய கூலிக்குக் குறையாத மதிப்பூதியம் கொடுத்துப் பேசவைக்க வேண்டும். வேலைநாளை இழந்து அவர்கள் இலவசமாக வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. தன் தாய் வகுப்பறையில் நின்று ஸ்லிப்பை இளக்கிக் காட்டுவதையும் ஆசிரியை குறிப்பெடுப்பதையும் பார்க்கும் மகளுக்கு அறிவியல் யாருடையது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

நான்காவது, பத்தாம் வகுப்புத் தேர்வில் சில மதிப்பெண்களையாவது காரணம் கேட்கும் கேள்விகளுக்கு ஒதுக்க வேண்டும். பாடநூல் வரியை அப்படியே எழுதாமல், சொந்த ஊரின் உதாரணத்தோடு சரியாக விளக்கும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் தரும்படி விடைத்திருத்தும் குறிப்பு இருக்க வேண்டும். இது மாநில அளவில் எடுக்க வேண்டிய முடிவு. முதல் மூன்றுக்குச் சென்னையின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்டக் கல்வி அலுவலர்கள், கல்லூரி முதல்வர், தொழிற்பேட்டை உற்பத்தியாளர்கள், அறிவியல் இயக்கத் தோழர்கள் ஒரு மதியம் உட்கார்ந்து பேசினால் போதும்.

நம் பிள்ளைகள் எல்லோரும் விஞ்ஞானியாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒருவர் சூளைக்கே போகலாம், ஒருவர் கடை வைக்கலாம், ஒருவர் மருத்துவராகலாம். ஆனால் அறிவியல் தனக்கு எட்டாது என்று 13 வயதில் எந்தப் பிள்ளையும் தனக்குள் முடிவுகட்டிக்கொள்ளக் கூடாது. அப்படி முடிவுகட்டும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று இன்று நமக்குத் தெரியாது, ஏனென்றால் நாம் கேட்பதில்லை. வரும் ஜூனில் பள்ளி திறக்கும் முதல் வாரத்தில், விருத்தாசலம் வட்டத்தின் ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் அந்தக் கருத்துத்தாளைக் கொடுத்துக் கேட்கத் தொடங்குவோம்.